கிளெக் ஆடாத சனிக்கிழமை

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எஸ்ரா ஃபீல்டன் கடுகுத்தூள் கலந்த வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் போலீஸில் நடந்த கால்கள். ஓய்வுபெற்ற பிறகும், மழை பிடித்தால் நடந்த தெருக்களையெல்லாம் நினைவுபடுத்தின. அப்போதுதான் நாவிதர் ஆம்ப்ரோஸ் டட்டன் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தார். பின்னால் தலையைக் குனிந்தபடி ஜேபஸ் கிளெக்.

"எழுந்திரிங்க சார்ஜென்ட். ஊரே இந்த மனுஷனைத் துரோகிங்குது. யார் பண்ணினான்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சாப் போதும்."

"அப்போ பாதி வேலை முடிஞ்சுது, ஆம்ப்ரோஸ். அந்தத் துண்டை எடு. உக்காருப்பா ஜேபஸ்."

ராவன்ஷா ஊரில் கிளெக்கைத் தெரியாதவர் இல்லை. பத்து வயதில் நெசவாலைக்குப் போனவர். கால்பந்து ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது என்றிருந்த காலத்தில், ஆட்டம் முடிந்ததும் அவர் பூட்ஸுக்குள் யாரோ வெள்ளிக்காசு போட்டு வைப்பார்கள். யார் என்று யாரும் கேட்டதில்லை. பிறகு விதி மாறியது, ஊரறியச் சம்பளம் வாங்கினார். பன்னிரண்டு வருடமாக ஒரே சங்கம். இப்போது முப்பத்துமூன்று வயது. ஒருமுறை முறிந்த இடது பாதம் கோணலாகவே கூடியிருந்தது.

அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி பூட்ஸ், விறகு போல விறைத்துக் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சு ஐயா. மைதானத்து விடுதிப் பின்னறையில என் ஆணியிலதான் மாட்டினேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தா இப்படி. வேற யாரு பூட்ஸும் இந்தக் காலுக்கு ஏறாது. என் இடத்துல ரிக்பி ஆடினான். கோப்பை அரையிறுதி, மூணு கோல்ல தோத்தோம்."

"ஊர் என்ன சொல்லுது?"

"அப்பவும் பூட்ஸுக்குள்ள காசு வந்துச்சு, இப்பவும் வந்திருக்குன்னு சொல்லுது. எதிராளிகிட்டக் காசு வாங்கிட்டு நானே கெடுத்துக்கிட்டேனாம்." அவர் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "ஆறு மணிக்குக் கமிட்டி கூடுது. துரத்திட்டாங்கன்னா வேற எந்தச் சங்கமும் சேர்க்காது. இந்தக் காலோட தறிக்கு முன்னால நாள் பூரா நிக்கவும் முடியாது."

"ரிக்பிதான்" என்றார் ஆம்ப்ரோஸ். "இடம் யாருக்குக் கிடைச்சுதுன்னு பாருங்க."

எஸ்ரா பூட்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தையல் இடுக்கில்கூடச் சேறில்லை. லேஸ்கள் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தன. வலது பூட்ஸின் முனை மட்டும் கருகியிருந்தது. விரலை விட்டு, உள்ளே ஒட்டிக்கிடந்த காகிதச் சுருளை மெதுவாகக் கிள்ளி எடுத்தார். வெள்ளிக்கிழமை மாலைப் பத்திரிகை.

"ரெண்டுலயும் காகிதம் இருந்துச்சு. மத்ததை நான் பிடுங்கிப் போட்டுட்டேன்" என்றார் ஜேபஸ்.

"லேஸைப் பார்த்தியா, ஆம்ப்ரோஸ்?"

"பார்த்தேன். சுத்தமா இருக்கு. அதுல என்ன?"

"எனக்கும் முழுசாத் தெரியலை. குடையை எடு."

மைதானத்தை ஒட்டிய விடுதியின் பின்னறையில்தான் ஆட்டக்காரர்கள் உடை மாற்றுவது வழக்கம். ஜேபஸின் ஆணிக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. கீழே வாளி வைத்திருந்தார்கள். பெஞ்சில் சாய்ந்திருந்த டான் ரிக்பி சிரித்தான்.

"என்ன சார்ஜென்ட், பூட்ஸைக் கைது பண்ணிட்டீங்களா?"

"வாயை அடக்குடா. உன் வேலைதான்னு எனக்குத் தெரியாதா?" என்று பாய்ந்தார் ஆம்ப்ரோஸ்.

"நீ போய்ச் சவரம் பண்ணு. கத்தி மொண்ணையா இருந்தாலும் பரவாயில்லை."

எஸ்ரா இருவரையும் கண்டுகொள்ளவில்லை. "பூட்ஸ் நனைஞ்சா எப்படிக் காய வைப்ப, ரிக்பி?"

"கால்ல போட்டுத்தான். புதுசுன்னா போட்டுக்கிட்டே வெந்நீர்த் தொட்டியில நிப்போம். அப்படியே நடந்து நடந்து காய விட்டா காலுக்குத் தக்கபடி படியும். நெருப்புகிட்டக் கொண்டுபோனா தோல் செத்துடும். பந்து உதைக்கிற எவனுக்கும் இது தெரியும்."

அப்போது முற்றத்துக் கதவு திறந்தது. ஆட்டக்காரர்களின் சட்டைகளைத் துவைக்கும் விதவை திர்சா ஆக்டன், துணிக்கூடையோடு உள்ளே வந்தாள். வந்ததும், மர அடி வைத்த செருப்புகளைக் கழற்றி, பாராமலே கணப்பு நெருப்புக்கு ஒரு சாண் தள்ளி ஜோடியாக வைத்தாள். மூன்று சட்டைகளைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பியவள் எஸ்ராவின் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தாள். நான்காவது சட்டை கீழே விழுந்தது.

எஸ்ரா குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு மிகவும் களைப்பாக இருந்தது.

ஆறு மணிக்குக் கமிட்டி அதே அறையில் கூடியது. செயலாளர் ஹோரஸ் பில்லிங் நீக்கக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். ஜேபஸும் ரிக்பியும் சுவரோரம் நின்றார்கள். திர்சா தேநீர்த் தட்டோடு கதவருகே நின்றாள்.

"இதைக் கெடுக்கணும்னு நினைச்சவன் கத்தியால ஒரு கீறு கீறியிருப்பான்" என்று ஆரம்பித்தார் எஸ்ரா. "சேத்தைச் சுரண்டி, லேஸைத் துவைச்சு, வடிவம் கெடாம இருக்கக் காகிதம் வைக்க மாட்டான். பகையாளி லேஸ் துவைக்கிறதை நான் எங்கயும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை மழையில இந்த ஆணிக்கு மேல ஒழுகியிருக்கு. நாளைக்கு இந்த மனுஷன் ஈரத்துல காலை நுழைக்கணுமேன்னு யாரோ பாவப்பட்டு நெருப்புப் பக்கத்துல வச்சிருக்காங்க."

"நெருப்புல வச்சாத் தோல் போயிடும்னு தெரியாதா?" என்றார் பில்லிங்.

"ஜேபஸுக்குத் தெரியும், ரிக்பிக்குத் தெரியும். ஆனா மர அடிச் செருப்பு ராத்திரி பூரா நெருப்புகிட்ட இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. நம்ம ஊர்ல பாதிப் பேர் பொறந்ததுலேருந்து அப்படித்தான் காய வைக்கிறாங்க. தோல் பூட்ஸ் போட வாழ்க்கையில வழியே இல்லாதவங்க பண்ணின தப்பு இது."

"யாரு? பேரைச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

"அப்போ கடிதம் நிக்கும், சார்ஜென்ட். வெறும் ஊகத்தை நம்பி நான் கிழிக்க முடியாது."

ஆம்ப்ரோஸ் எஸ்ராவின் கையைப் பிடித்து உலுக்கினார். எஸ்ரா அசையவில்லை. வேலையில் இருந்தபோது விரல் நீட்டிக் காட்டிய முகங்கள் எத்தனையோ. காட்டியதால் நிமிர்ந்த முகம் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. கதவுப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தார். ஆண்டவரே, அவளுக்குத் தைரியம் கொடும் என்று மனதுக்குள் சொன்னார்.

தேநீர்த் தட்டு ஓரடி முன்னால் வந்தது.

"நான்தான் ஐயா" என்றாள் திர்சா. "நல்லது செய்யுறதா நினைச்சேன். மறுநாள் ஊரே கத்துச்சு. வேலை போனா நான் எங்க போவேன்? வாயைத் திறக்கலை. ஜேபஸ், என்னைத் திட்டுப்பா."

ஜேபஸ் போய்த் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பன்னெண்டு வருஷமா ஆடறேன், திர்சாம்மா. உதைச்சவங்க, கைதட்டினவங்க, காறித் துப்பினவங்க எல்லாரும் உண்டு. என் கால் ஈரமாகுமேன்னு நினைச்சது நீங்க ஒருத்தர்தான்." பில்லிங் பக்கம் திரும்பினார். "இவங்களை வேலையை விட்டு அனுப்பினா, அந்தக் கடிதம் எனக்கும் நிக்கட்டும்."

பில்லிங் கடிதத்தை நான்காகக் கிழித்து நெருப்பில் போட்டார். "கூரையை முதல்லயே சரி பண்ணியிருக்கணும்" என்று முணுமுணுத்தார்.

வியாழக்கிழமை எஸ்ரா அந்தப் பக்கம் போனபோது, துவைக்கும் அறையில் ஜேபஸ் புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு தொட்டித் தண்ணீரில் நின்றிருந்தார். ரிக்பி முனகிக்கொண்டே வாளி சுமந்தான்; திர்சா கெட்டிலிலிருந்து பதமாக வெந்நீர் ஊற்றினாள்.

"சுடுதாப்பா?"

"இல்லம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார் ஜேபஸ். கண்ணை மூடியிருந்தார். "இந்தக் கால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும்."