சாம்பல் பச்சைக் கதவு

அந்த ஃப்ரிட்ஜின் கதவில் இரண்டு கைகள் ஒரே சமயத்தில் போய்ப் பதிந்தன.

ஒன்று இம்க்கேயின் கை. இன்னொன்று யாருடையது என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்... மழையில் ஊறிய கோட்டு, சீவாத தலை, கவனிக்காமல் விட்ட தாடி. அதற்கெல்லாம் மேலே இரண்டு கண்கள். நாள் முழுக்கப் பிறர் கண்களைப் பார்த்தே சம்பாதிப்பவள் அவள். துறைமுகத்தை ஒட்டிய மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைப் பார்த்ததுமே கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்று ஊகித்துவிடுவாள். இந்தக் கண்களுக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. தூக்கம்தான் இல்லை.

"கையை எடுக்கறீங்களா?" என்றான் அவன்.

"நான்தானே முதல்ல வச்சேன்."

"நான் போன வாரமே வந்து பாத்து வச்சுட்டுப் போனேங்க."

"பாத்து வச்சா ஆச்சா? துண்டு போட்டுட்டுப் போயிருக்கணும்."

அவன் சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை... கதவு சில்லென்று இருந்தது. அவன் விரல் அவள் சுண்டுவிரலில் பட்டுக்கொண்டிருந்த இடம் மட்டும் அப்படி இல்லை. சே, இது என்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வட ஜெர்மனியின் கீல் நகரத்து நவம்பரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. விடிந்ததா இல்லையா என்று தெரியாத காலை, மதியத்திலேயே தொடங்கிவிடும் சாயங்காலம், நடுவில் மழை. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையில் கிச்சன் கடைக்கு வருகிறவர்கள் ஒன்று கல்யாணமானவர்களாக இருப்பார்கள், அல்லது கல்யாணம் முறிந்தவர்களாக இருப்பார்கள்.

கடைக்கார ஆலர்ஸ் அம்மா காபித் தட்டோடு வந்து சேர்ந்தாள். "இந்தச் சாம்பல் பச்சை இப்ப வர்றதே இல்லை. கம்பெனியில நிறுத்திட்டாங்க. காட்சிக்கு வச்ச இந்த ஒண்ணுதான் மிச்சம். உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அடிச்சுக்கறதா இருந்தா வெளியில போய் அடிச்சுக்குங்க, தரை இப்பதான் துடைச்சது."

பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. மின்னாத பூச்சு. வெளிச்சம் அதன் மேல் விழுந்து சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது.

பிளாஸ்டிக் எலுமிச்சம்பழங்கள் நிறைந்த ஒரு கிண்ணத்துக்கு இரு புறமும் அவர்கள் உட்கார்ந்தார்கள். அவன் பெயர் தோர்பென். கப்பல்களைக் கால்வாய்க்குள் இழுத்துவரும் படகில் வேலை.

"என் வீட்டுல அடுப்பு, ஓவன், பாத்திரம் கழுவுற மெஷின் எல்லாமே இந்த நிறம்தான். ஃப்ரிட்ஜ் மட்டும் செத்துப்போச்சு" என்றான். அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னதும் பார்வையைக் காபிக் கோப்பைக்குத் தாழ்த்தினான். "உங்களுக்கு ஏன் இதுவே வேணும்?"

"ஸ்டீல், கறுப்பு, வெள்ளை, எல்லாம் பாத்துட்டேன். எதுக்கு முன்னாடி நின்னாலும் என் பழைய வீட்டுக்காரர் பின்னாடி நின்னுக்கிட்டு 'அது வேணாம்'ங்கற மாதிரியே இருக்கு. இதுக்கு மட்டும் அவரால ஒண்ணும் சொல்ல முடியாது. இப்படி ஒரு நிறம் இருக்கறதே அவருக்குத் தெரியாது."

விளையாட்டாகத்தான் சொன்னாள். விஷயம் விளையாட்டு இல்லை. திரைச்சீலையிலிருந்து அவள் குளிர்காலச் செருப்பு வரை எல்லாவற்றையும் அவள் முன்னாள் கணவன் கெர்ட்தான் தேர்ந்தெடுத்தான். கெட்டவன் இல்லை, அவளுக்கு வேலை வைக்கவில்லை, அவ்வளவுதான். கோடையில் பிரிந்து வந்தவள், புது வீட்டில் முதல் பொருளையாவது தானே தேர்ந்தெடுப்பது என்று சபதம் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இந்தக் கடைக்கு வருகிறாள்... பார்க்கிறாள்... வெறுங்கையோடு திரும்புகிறாள். ஜன்னல் திட்டில் ஒரு சின்ன மின் அடுப்பு, குளியல் தொட்டியில் பாத்திரம் கழுவல் என்று காலம் ஓடுகிறது. தனக்கு எது பிடிக்கும் என்பதே மறந்துபோய்விட்டதோ, இனி அது திரும்பி வரவே வராதோ என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"பழைய கிச்சன் என்னாச்சு?" என்று கேட்டான்.

"அது அவரோடது. எனக்கு மேஜை மட்டும். புது வீட்டுல பாத்தா சுவத்துல ரெண்டு குழாய் நீட்டிக்கிட்டு நிக்குது."

வீட்டைக் காலி செய்கிறவர்கள் அலமாரி, அடுப்பு, தொட்டி என்று கிச்சனையே கழற்றி எடுத்துக்கொண்டு போவது இங்கே வழக்கம்தான். அதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

"எல்லாரும் எடுத்துட்டுப் போறதுதான், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு முன்னாடி இருந்த மனுஷன் இருக்காரே... பல்பு, பல்பு மாட்டற ஹோல்டர், ஜன்னல் கொக்கி, சுவத்துல இருந்த ஆணி வரைக்கும் பிடுங்கிட்டுப் போயிருக்கார். முதல் நாள் ராத்திரி சுவத்தைத் தடவித் தடவித்தான் நடந்தேன். அப்ப வயிறெரிஞ்சு ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"கொண்டுபோற இடத்துல அந்தக் கிச்சன் பொருந்தாமப் போகட்டும்னு."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பலிச்சிருக்கும்" என்றான்.

இம்க்கே வாய்விட்டுச் சிரித்தாள். அவன் உதட்டிலும் என்னவோ ஒன்று அசைந்தது. பிறகு அவளைப் பேசவிட்டான். மேல்வீட்டுக்காரர் சனிக்கிழமை காலையில் சுவரில் துளை போடுவது, படிக்கட்டை எந்த வாரம் யார் பெருக்க வேண்டும் என்ற சண்டை, எல்லாவற்றையும் அவள் கொட்டினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இப்படி ஒருவர் தன் பேச்சைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டாள். வெளியே மழை கண்ணாடியில் கோடு கோடாக வழிந்தது.

"ஃப்ரிட்ஜை நீங்களே எடுத்துக்குங்க" என்றான் திடீரென்று.

"ஏன்... இப்பதானே சண்டை போட்டீங்க?"

"உங்களுக்குத்தான் அவசரம். அளவெடுக்க ஆள் வந்தா, ஜன்னல் பக்கத்து மூலையை மேலயும் கீழயும் தனித்தனியா அளக்கச் சொல்லுங்க. அந்தச் சுவர் நேரா இல்லை. மேல போகப் போக உள்ள சாயும்."

"சரி, சொல்றேன்" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. "என் வீட்டுச் சுவர் சாயறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் காதுமடல்கள் சிவந்துகொண்டே போயின.

"ஆணியைப் பிடுங்கினது நீங்களா?"

"ஆமா."

"பல்பு?"

"அதுவும்தான்."

ரொம்பப் பெரிய ஊர் இல்லை, கிச்சன் கடைகளும் குறைவு, ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்னொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஆனால் இவ்வளவு நேரம் மனசைத் திறந்து வைத்திருந்தாளே... அது எரிந்தது.

"நான் புலம்பப் புலம்ப உக்காந்து வேடிக்கை பாத்தீங்க."

"இல்லைங்க. எப்படிச் சொல்றதுன்னு..."

"அப்பறம் பாவம் பாத்து ஃப்ரிட்ஜை விட்டுக் கொடுத்தீங்க. எனக்கு யாரும் எதையும் விட்டுக் கொடுக்க வேணாம். ஏற்கெனவே ஒருத்தர் எல்லாத்தையும் முடிவு பண்ணிப் பண்ணிக் கொடுத்தது போதும்."

கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் மழைக்குள் இறங்கி நடந்தாள். இன்னொரு சனிக்கிழமை, இன்னொரு தடவை வெறுங்கை.

அந்த வாரமே ஆலர்ஸ் அம்மா போன் செய்தாள்.

"ஃப்ரிட்ஜை உங்க பேர்ல எடுத்து வச்சிருக்கேன், மேடம். அவர் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார்."

"எனக்கும் வேணாம். அந்த ஆளோட தானம் எனக்கு எதுக்கு?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "கடைக்காரி இதெல்லாம் பேசக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். அந்தக் கிச்சனை வித்ததே நான்தான். அவர் மனைவி மாரென்... ஆஸ்பத்திரியிலிருந்து நேரா இங்க வந்து, நீங்க உக்காந்த அதே நாற்காலியில உக்காந்து, இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தா. ஒவ்வொரு கதவுலயும் கன்னத்தை வச்சு வச்சுப் பாத்தா. ஒரு குளிர்காலம்கூட அவ அந்தக் கிச்சன்ல சமைக்கலை."

போனை வைத்துவிட்டு இம்க்கே குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கழுவாத தட்டுகள் காலடியில் கிடந்தன. தான் சபித்தது யாரை என்று இப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது. அந்தப் பெண்ணுக்காகவா, அவனுக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலருகே நின்றவள் கீழே பார்த்தாள். எதிர் நடைபாதையில் ஓர் ஆள், குடையில்லாமல், மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு... மணியடிக்க வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தான். அவளே இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள்.

"எட்டிப் பாக்க வரலைங்க" என்றான் தோர்பென். "மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"மேல வாங்க. நனைஞ்சு போயிருக்கீங்க."

வெறும் அடுப்பங்கரையின் வாசலிலேயே அவன் நின்றுவிட்டான். உள்ளே கால் வைக்கவில்லை.

"அவ தொட்ட எதையும் விட்டுட்டு வர முடியலை. அதான் ஆணி வரைக்கும் பிடுங்கினேன். அந்த நேரத்துல எனக்குப் புத்தியே இல்லை. புது வீட்டுல இந்தக் கிச்சன் நுழையவே மாட்டேங்குது. கூடத்துல துண்டு துண்டா நிக்குது. அதுக்கு நடுவுலதான் படுத்துக்கறேன். ஃப்ரிட்ஜை மட்டும் அதே நிறத்துல வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு..." அவன் நிறுத்தினான். "நீங்க விட்ட சாபம் பலிச்சது நல்லதுதான். இனிமே பொருந்தாதுன்னு யாராவது எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது."

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்."

"இன்னொண்ணு. அன்னிக்கு நான் வேடிக்கை பாக்கலை. நான்தான் அந்த ஆள்னு சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க. போகாம இன்னும் கொஞ்சநேரம் பேசணும்னு இருந்துச்சு... அவ்வளவுதான்."

"போகத்தானே செஞ்சேன்."

"ஆமா. போனப்பறம் அந்த எலுமிச்சம்பழத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆலர்ஸ் அம்மா விளக்கை அணைச்சு எழுப்பி விட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவன் கண்களை இப்போதுதான் நேராகப் பார்த்தாள். மழைக்கால விடியலின் நிறம். அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், ஒருவரிடமும் கேட்காமல், தானாகவே அப்படித் தோன்றியது.

"வர்ற சனிக்கிழமை என்கூடக் கடைக்கு வர்றீங்களா?"

"நான் வந்தா எது நல்லாயிருக்குன்னு என்னைக் கேப்பீங்க."

"கேக்க மாட்டேன்."

சனிக்கிழமையும் மழைதான். சாம்பல் பச்சை ஃப்ரிட்ஜ் அதே இடத்தில் நின்றது. அதைத் தாண்டும்போது தோர்பெனின் நடை நின்றுபோனது. இம்க்கே அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய், பார்க்காதது போல நின்றாள். அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, "இதை வேற யாருக்காவது கொடுத்துடுங்க, ஆலர்ஸ் அம்மா" என்றாள் மெதுவாக. "இது மாரெனோட நிறம். நான் எடுத்துக்கக் கூடாது."

பிறகு நேராகப் பளபளக்கும் ஸ்டீல் கதவின் முன் போய் நின்றாள். "இது."

ஆலர்ஸ் அம்மா முகத்தைச் சுளித்தாள். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா, மேடம்? இந்த மாதிரிப் பூச்சுல யார் கை வச்சாலும் ரேகை அப்படியே தெரியும். துடைச்சு மாளாது. ரேகை படியாத வகையும் இருக்கு." பிறகு தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வது போல, "சரி, நீங்க தனியாத்தானே இருக்கீங்க. ஒரே ஆளோட கை. சமாளிச்சுடலாம்."

இம்க்கே உள்ளங்கையை அந்தக் கதவில் பதித்து எடுத்தாள்.

"ஒரே ஆளோட கையா இருக்கக் கூடாதுன்னுதான் இதைக் கேக்கறேன்" என்றாள் இம்க்கே.

சொல்லும்போது ஆலர்ஸ் அம்மாவைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். முகம் சுட்டது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

தோர்பென் தலையை அசைத்தான். "எனக்கு... இன்னும் சரியாகலை, இம்க்கே. சில நாள் வாயைத் திறக்கவே மாட்டேன். சில நாள் அவ பேரைச் சொல்லி அழுவேன். அதையெல்லாம் உங்க தலையில கட்டறது நியாயமில்லை."

"அழுங்க. பேசாமலும் இருங்க. ஆனா எனக்கு எது நியாயம்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இதை எனக்காக யாரும் தேர்ந்தெடுக்கலை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "எனக்கும் பிடிச்சிருக்கு... பயமா இருக்கு, ஆனா பிடிச்சிருக்கு" என்றான்.

ஆலர்ஸ் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைத் தேடினாள். "அப்ப ஸ்டீல்னே எழுதிடட்டுமா?"

"எழுதுங்க" என்றாள் இம்க்கே.