திசை திரும்பிய பதிவு

விழுந்த விமானத்தின் பதிவு நேற்றைவிடப் பதினொரு விநாடி நீண்டிருந்தது.

விமானம் கடைசிவரை தளத்துக்கு அனுப்பிய குரலையும் எண்களையும் அவள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். எல்லோரும் ‘கண்ணாடி’ என்று கூப்பிடும் பக்கத்து மேசைச் சோதனையாளன் பையை மாட்டிக்கொண்டே சிரித்தான்.

“ஃபைல் குட்டி போட்டிருக்கும்க்கா. லீவு நாள் மத்தியானம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க.”

அவன் போனதும் விமானத் தள அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஏசியின் உறுமல் மட்டும் மிஞ்சியது. அந்தப் போர் விமானத்துக்கு வழிகாட்டும் மென்பொருளை எழுதியவள் அவள்தான். மூன்று வாரத்துக்கு முன், கண்ணை மறைத்த பனிமூட்டத்தில், அந்த மென்பொருள் விமானியைத் தளத்துக்குப் பதிலாக நடுக்கடலுக்குக் கூட்டிப் போனது. எரிபொருள் தீரும்வரை அவர் திரையை நம்பிப் பறந்தார். உடல் கிடைக்கவில்லை.

ஒரு குறிப்பிட்ட தீர்க்கரேகையைத் தாண்டினால் கணக்கில் ஒரு கழித்தல் குறி தொலைந்துவிடும், கிழக்கு மேற்காகிவிடும். அதைப் பிடிக்க ஒரு சோதனை இருந்தது. அன்று மகளுக்குக் காய்ச்சல். சோதனையை நடத்தாமலே, நடத்தியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போன் அடித்தது. மேலதிகாரி.

“விமானி திசை தெரியாம தடுமாறிட்டார்னு ரிப்போர்ட்டை முடிச்சிரும்மா. செத்தவர் வந்து சாட்சி சொல்லப் போறாரா?”

“சரி சார்” என்றாள்.

ஹெட்போனை மாட்டி, கூடியிருந்த விநாடிகளைக் கேட்டாள். மோதலுக்குப் பிறகு ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனால் கனமான தண்ணீர் எதையோ அழுத்தி நெரிக்கும் முனகல் கேட்டது; அதற்குள், பல் கிட்டிய ஒரு குரல்: “தளம் நேரா இருக்குன்னு காட்டுது. இங்க தண்ணிதானே இருக்கு?”

திரையில் உயரம், மைனஸ் நாற்பது மீட்டர். வேகம், பூஜ்யம் இல்லை.

பயத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் முதலில் அவள் கையை நகர்த்தியது. தொலைந்த கழித்தல் குறியை உரிய வரியில் போட்டாள். மூன்று வாரமாக அழுத்த முடியாத ஒரே ஒரு பொத்தான். திருத்திய நிரலில் பதிவை மறுபடி ஓட்டினாள்.

பதிவு என்பது நடந்து முடிந்தது. அது மாறாது. மாறக் கூடாது.

திரையில், கடலடியில் இருந்த விமானத்தின் புள்ளி மெல்லத் திரும்பியது.

தளத்தை நோக்கி. நூற்றிருபது கிலோமீட்டர். தொண்ணூறு. ஐம்பது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள், நிற்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. உப்பும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி அறையில் ஏறியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போன் போட்டாள்.

“ஏதாவது விமானம் வருதா?”

“ரேடார்ல ஒண்ணும் இல்லைங்க மேடம்.” பிறகு குரல் தயங்கியது. “ஆனா... இறங்க அனுமதி கேட்டு யாரோ பேசுறாங்க. அந்த விழுந்த விமானத்தோட அழைப்புப் பெயர். கொடுக்கலாமா?”

“வேண்டாம்!”

“கொடுத்துட்டேனே மேடம்.”

ஜன்னலுக்கு ஓடினாள். கொளுத்தும் வெயிலில் ஓடுபாதை வெறுமையாகக் கிடந்தது. அதன் கோடியில் தரை நனைந்தது. இரண்டு ஈரக் கோடுகள் இணையாக நீண்டன. மேலே எதுவும் இல்லை. சத்தமும் இல்லை. கோடுகள் வளைந்து, கட்டிடத்துப் பக்கம் திரும்பி, ஜன்னலுக்குக் கீழே நின்றன.

பிறகு படிக்கட்டில் சொதசொதவென்று சத்தம்.

ஒரு மாடி.

இரண்டு மாடி.

கதவைத் தாழிட்டாள். தாழ் போட்டபடியே இருந்தது, கதவும் திறக்கவில்லை. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம், வெள்ளைத் தரையில், ஒரு பூட்ஸ் தடம். ஈரமாக. அடுத்தது. அடுத்தது.

அவள் நாற்காலியில் விழுந்தாள். கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து, களைத்த, மரியாதையான குரல்:

“மேடம், இப்ப எந்தப் பக்கம்?”

கடைசித் தடம் இரண்டும் அவளைப் பார்த்தபடி நின்றன. அவற்றுக்கு மேலே, ஒரு மனிதன் குனிந்தால் முகம் வரும் உயரத்தில், வெறும் காற்றிலிருந்து கடல்நீர் அவள் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.