ஒன்பதரை மணிக்கு அணையும் கணினி

மலேசியாவில் லூபோக் சீனா ஊரை அடுத்த தோட்டப் பள்ளிக்குக் கணினி வந்து மூன்று வாரம் ஆயிற்று. மூன்று வாரமும் அது ஷாந்தினியின் முறையில்தான் அணைந்தது.

கணினி வகுப்பு புதன்கிழமை மட்டும்தான்; அதில் ஒன்பதரை மணி அவள் முறை. ஆசையாக நாலு வரி தட்டுவாள். திரை படக்கென்று இருண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தட்டியதெல்லாம் போச்சு!

"இவ கை ராசியில்லாத கைலா!" என்றான் வகுப்புத் தோழன் யுகேந்திரன்.

தனபாலன் சார் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கணினியின் மேல் கட்டினார். புது லாரிக்குக் கட்டுவோமே, அதே மாதிரி. பழம்தான் வாடியது.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, நீ தள்ளி நின்னு பாத்துக்கம்மா," என்றார் சார். ஷாந்தினிக்கு அழுகை முட்டியது.

நாலாவது புதன். இம்முறை அவள் சுற்றுமுற்றும் பார்த்தபடியே தட்டினாள். சுவருக்கு அப்பால் கடகடவென்று ஒரு சத்தம். மேலே பல்பு மங்கித் தெளிந்தது. திரை இருண்டது.

"சார், லைட்டு கண்ணடிச்சிச்சு! யுகேந்திரன உக்காரச் சொல்லுங்க, தோ வரேன்!"

ஒரே ஓட்டமாகக் கேண்டீனுக்கு ஓடினாள். அங்கே இருசம்மாள் அக்கா மசால் வடைக்குக் கிரைண்டரில் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கிரைண்டர நிறுத்திட்டு, கொஞ்சம் கழிச்சு மறுபடி போடுங்களேன்!"

அக்கா அப்படியே செய்தார். கடகட! கணினி அறையிலிருந்து, "ஐயோ!" என்று யுகேந்திரன் அலறினான். ஷாந்தினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பின்னாலேயே வந்த சாரிடம் சொன்னாள்: "கிரைண்டர் கெளம்புறப்ப கரண்ட ஒரே மடக்கா குடிச்சிடுது சார். பல்பு சமாளிச்சிக்குது. கணினியால முடியல."

"அப்போ கிரைண்டர நிறுத்திட வேண்டியதுதான்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "வடைய நம்பித்தானே சார் என் பொழப்பு ஓடுது?"

"நிறுத்த வேணாம் சார். அக்கா, பருப்ப எப்ப ஊறப் போடுறீங்க?"

"இங்க வந்து, ஏழு மணிக்கு. ராத்திரியே போட்டா வடை எண்ணெய் குடிக்கும்."

"வீட்டுலேயே காலையில அஞ்சு மணிக்குப் போட்டு எடுத்துட்டு வாங்களேன். ஏழரைக்கு ஸ்கூல் மணி அடிக்கிறதுக்குள்ள அரைச்சிடலாம்!"

"அட, ஆமால்ல!" என்றார் அக்கா.

அடுத்த புதன்கிழமை ஷாந்தினி ஒரு பக்கம் முழுக்கத் தட்டி முடித்தாள். சார் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து எறிந்தார்.

ஓய்வு நேரத்தில் யுகேந்திரன் சூடான வடை ஒன்றை நீட்டினான்.

"அடுத்தது என் முறை. உன் ராசியான கையால தொடங்கி வெச்சிடுலா!"

ஷாந்தினி வடையை நிதானமாகத் தின்று முடித்தாள். பிறகு கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, கணினியின் பொத்தானை அழுத்தினாள்.