நான்காம் மாடியில் தொண்ணூற்றாறு

புடவைத் தலைப்பை எச்சிலில் நனைத்து, சைத்ரா அந்தக் குட்டிக் கேமராவை வேகவேகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சந்தனத்தோடு சேர்ந்து குங்குமம் காய்ந்துபோயிருந்தது. லேசில் போகவில்லை. அடுத்த மேசைக்கு ஓடினாள். அங்கேயும் அப்படித்தான். மாடி முழுக்க, ஒவ்வொரு கம்ப்யூட்டர் திரையின் உச்சியிலும் இருந்த கேமராவை ஒரு பெரிய சிவப்புப் பொட்டு அடைத்துக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை. காலையில் வாசலில் பூசணிக்காய் உடைத்த கையோடு, பெங்களூரு ரிங் ரோட்டின் அந்த அலுவலகம் மொத்தமும் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. பொட்டு வைத்தது துப்புரவு வேலை பார்க்கும் கங்கம்மா. சற்று முன் லிஃப்ட் பக்கத்தில் எதிர்ப்பட்டபோது சைத்ரா கேட்டதற்கு, அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"கண்ணாச்சே மேடம். கண்ணுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது? மத்த மாடியில கண்ணு இல்ல, திரை மேல சும்மா ஒரு தீத்து. இங்கதான் நல்லா அப்பிட்டேன். ரொம்பத்தான் முறைக்குது."

அவளும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கேமராக்கள் குருடு. நாற்காலிகள் காலி. ஆனால் லிஃப்டுக்கு எதிர்ச் சுவரில் தொங்கிய பலகை, நான்காம் மாடியின் மகிழ்ச்சி தொண்ணூற்றாறு என்றது.

பூஜ்யமல்லவா காட்ட வேண்டும்? சிவப்புப் பொட்டையே உதடென்று எண்ணிவிட்டதோ என்றுதான் தேய்த்துப் பார்த்தாள்.

ஊழியர்களின் சந்தோஷத்தை அளப்பதுதான் சைத்ராவின் வேலை. கேள்வி கேட்டால் எல்லோரும் மேலதிகாரிக்குப் பயந்து பொய் சொல்கிறார்கள், உதட்டை அளப்போம் என்று யோசனை சொன்னவளே அவள்தான். கேமரா வாயை மட்டும் பார்க்கும். வளைவுக்கேற்ப மதிப்பெண் போடும். சோதனைக்கு நான்காம் மாடியைக் கொடுத்தார்கள். வாராவாரம் எண் ஏறியது. அதே வாரங்களில் அந்த மாடிக்காரர்கள் கேன்டீனில் அரட்டையை நிறுத்தினார்கள். பிறகு சிரிப்பதை. கடைசியில் சாப்பிட வருவதையே.

அவர்களில் ஒருவன் பிரமோத். அவளுடைய தம்பி. அவள் சிபாரிசில் சேர்ந்தவன். பண்டிகைச் சாப்பாட்டுக்கு இன்னும் வரவில்லையே என்று அம்மா புலம்பினாள். அவன் போனை எடுக்கவில்லை. அவனைக் கையோடு கூட்டிப் போகத்தான் வந்தாள். வந்த இடத்தில் இந்தப் பலகை.

மேலாளர் பூர்ணேஷுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் நம்பவில்லை. திங்கட்கிழமை முதல் எல்லா மாடிக்கும் கேமரா வருகிறது, இப்போது போய்ப் பழுது என்று சொல்லாதே என்றார். போனை வைக்கும் முன் ஒரு குத்தல் வேறு.

"சொந்த அளவுகோலையே சந்தேகப்படற டெய்லர் உலகத்துலயே நீ ஒருத்திதாம்மா."

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அணைந்த கற்பூரத்தின் வாசனையும், வாழைக்கன்றிலிருந்து வடிந்த நீரின் பச்சை வாடையும், வாடத் தொடங்கிய செவ்வந்தியின் கசப்பும் ஒன்றாகக் கலந்து, மூடிய ஜன்னல்களுக்குள் போக வழியில்லாமல் தேங்கி நின்றன. சிந்திய பொரி காலடியில் நொறுங்கியது. அவள் நின்றாள். இன்னொரு சத்தம் நிற்கவில்லை. மெலிதான, ஈரமான சத்தம். ஒட்டிய உதடுகள் பிரிவதைப் போல. ஒரு மேசையிலிருந்து. அப்புறம் பக்கத்து மேசையிலிருந்து. அப்புறம் வரிசை முழுக்க.

"பிரமோத்?"

சத்தம் அடங்கியது.

அவன் இடம் ஜன்னலோரம். நாற்காலியில் பை. மேசைமேல் அவன் போன். அவளும் அம்மாவும் அழைத்த அழைப்புகள் அதில் மின்னிக்கொண்டிருந்தன. போனை விட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டானே இவன்?

அவன் திரையை உயிர்ப்பித்தாள். அந்தக் கேமரா என்ன பார்க்கிறதென்று காட்டும் கட்டத்தைத் திரையில் திறந்தாள். பொட்டு மூடிய கேமராவில் ஒன்றும் தெரியக் கூடாது.

சிவப்பு இருட்டு.

அதற்குள் ஒரு வெளுப்பு.

பல்வரிசை.

முகம் இல்லை. கன்னம் இல்லை. வாய் மட்டும். காது வரை போகும்படி விரிந்த சிரிப்பு. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து பிரமோத் உடைத்துக்கொண்ட பல்.

அடுத்த மேசையின் திரை தானாக ஒளிர்ந்தது. அதிலும் ஒரு வாய். அதற்கடுத்ததிலும். லிப்ஸ்டிக் போட்டது. மீசைக்குக் கீழிருந்து வந்தது. வெற்றிலைக் கறை படிந்தது. எல்லாம் சிரித்தன.

பிரமோத்தின் உதடுகள் அசைந்தன. ஒலி வரவில்லை. ஆனாலும் புரிந்தது.

அக்கா.

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. அம்மா. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சைத்ரா... பிரமோத் வந்துட்டான்."

வீட்டில் இருக்கிறான். பத்திரமாக.

"எப்பம்மா? நல்லா இருக்கானா?"

"இப்பத்தான். மாஸ்க் போட்டுட்டே உக்காந்திருந்தான். எது கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டினான். பண்டிகைக்குச் சுட்ட ஒப்பட்டு ஒரு வாய் ஊட்டலாம்னு நான்தான் மாஸ்க்கை இழுத்தேன்."

"அம்மா?"

சைத்ரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்கடி ஊட்டறது? மூக்குக்குக் கீழ... வழுவழுன்னு வெறும் தோலுதான்டி இருக்கு."