சரிக்கா, வாங்க

கேமை நிறுத்திய பிறகும் ஹெட்போனின் இடது காதில் யாரோ படியேறிக்கொண்டிருந்தார்கள்.

ஜெஸி முதலில் சிரித்தாள். பேய் கேம்களை ஆடி, கிண்டலடித்து வீடியோ போடுவதுதான் அவள் பிழைப்பு. பேய் வருமுன் கம்ப்யூட்டர் திணறி உள்ளேயிருக்கும் ஃபேன் கத்த ஆரம்பித்துவிடும், அப்புறம் எதற்குப் பயம் என்று போன வாரம்தான் பேசியிருந்தாள். இதுவும் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கேமையே மூடினாள். செருப்பில்லாத கால்கள், ஈரத்தோடு சிமெண்டில் ஒட்டிப் பிரிகிற சத்தம், நிதானமாக ஏறி வந்துகொண்டேதான் இருந்தது.

மதியம் இரண்டு மணி. அம்மா ஆனிமேரி பள்ளிக்கூடத்திலிருந்து வர ஐந்தாகும். கோரிப்பாளையம் முக்கில் அலறும் பஸ் ஹாரன்கள் மைக்கில் விழக் கூடாதென்று மாடி அறையின் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, சுவரெல்லாம் ஸ்பாஞ்சும் முட்டை அட்டையும் ஒட்டி, கதவிடுக்கில்கூட ரப்பர் பட்டை வைத்திருந்தாள். புழுங்கிப்போன ஸ்பாஞ்சு வாடையும் தன் மூச்சுச் சத்தமும் தவிர அங்கே வேறெதுவும் இருக்காது. உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது என்று பெருமையாக வீடியோவில் காட்டியும் இருக்கிறாள்.

ஹெட்போனைக் கழற்றினாள். அமைதி. மாட்டினாள். காலடி.

அப்போதுதான் உறைத்தது. மைக்கில் விழுவது மைக் பெட்டி வழியாக நேரே ஹெட்போனில் கேட்கும்படி அவள்தான் வைத்திருந்தாள். புது மைக், காதுக்கு எட்டாததையும் பிடிக்கும், இடம் வலம் பிரித்துக் கேட்கும். சத்தம் கேமிலிருந்து வரவில்லை. வீட்டிலிருந்து வருகிறது.

நேற்று நடந்தது ஞாபகம் வந்தது. முகம் தெரியாதவர்கள் சேர்ந்து ஆடும் கேம் அது. இருட்டு வீட்டிலிருந்து வெளியேற வழி தேட வேண்டும். தங்கப்பொண்ணு என்ற பெயரில் நடுவயதுக் குரல் ஒன்று நுழைந்தது.

"எம்புட்டு நாளா சுத்துறேன், வெளிய போக வழி தெரியல தாயி. உன் வீடு எங்க?"

"கோரிப்பாளையம்க்கா," என்றாள் ஜெஸி, நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்ட சந்தோஷத்தில்.

"சரி தாயி. வாரேன்."

கிளம்புகிறவர்கள் சொல்வதுதானே. போறேன் என்று யார் வாயிலும் வராது. பழக்கத்தில் பதிலும் தானாக வந்துவிட்டது.

"சரிக்கா, வாங்க."

ஜெஸிதான் வரச் சொல்லியிருக்கிறாள். ஹெட்போனை எறிந்துவிட்டு ஓடிக் கதவை இழுத்தாள். வரவில்லை. தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. தோளால் இடித்தாள், தொண்டை கிழியக் கத்தினாள். அத்தனையையும் ஸ்பாஞ்சு குடித்துவிட்டது. போன் கீழே கூடத்தில் கிடந்தது. பக்கத்தில் இருந்தால் மைக்கில் இரைச்சல் வருமென்று எப்போதும் அங்கேதான் வைப்பாள். நெட்டில் யாரையாவது கூப்பிடலாமென்று திரும்பினாள். திரை உறைந்து கிடந்தது.

ஃபேன் கத்தத் தொடங்கியது.

அது எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

இரண்டு காதிலும் மூச்சு.

"வந்துட்டேன் தாயி."

மைக்கிடம் கெஞ்சினாள். "அக்கா, தெரியாமச் சொல்லிட்டேன். போயிருங்கக்கா. தயவுசெஞ்சு போயிருங்க."

பிறகு, கொஞ்சம் மனத்தாங்கலாக,

"சரி தாயி. வாரேன்."

ஜெஸிக்கு உயிர் வந்தது. கிளம்புகிறாள். கிளம்பிவிட்டாள்.

ஒரு காலடி.

இன்னொன்று.

கதவுப் பக்கம் இல்லை.

ஜெஸி வாயை இறுக மூடிக்கொண்டாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். மைக் பெட்டியில் சத்தத்தின் அளவைக் காட்டும் விளக்குகள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஏறின. மைக்குக்கு முன்னால் மாட்டியிருந்த மெல்லிய வலைத்துணி, அவள் பக்கமாக, மெதுவாக உப்பியது.