இருநூத்தி எண்பத்தேழு படிகள்

"முந்நூறு!"

"இருநூத்தி எண்பத்தேழு."

"எட்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன் சார், முந்நூறுன்னு..."

"எட்டு வருஷமா தப்பாச் சொல்லிட்டு இருக்கீங்க..."

"ஒரு வார்த்தை என்னை முடிக்க விடறீங்களா?"

"முடிங்க. முடிச்சாலும் இருநூத்தி எண்பத்தேழுதான்."

படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டு இந்தச் சண்டை. கீழே ஊர் முழுக்க விரிந்து கிடக்கிறது. ஆறு வளைந்து போகிறது, பாலத்தில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. மேலே ஏறி வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். இந்த மனிதன் ஒருவன்தான், மூச்சு வாங்க ஏறி வந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்பர் சொல்கிறான்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தனி வழிகாட்டி என்றால் ஒரு நாளைக்கு ஒரே குடும்பம். காலை ஒன்பது மணிக்கு விடுதி வாசலில் ஏற்றிக்கொண்டால் மாலை ஐந்து மணிக்கு ரயில் நிலையத்தில் இறக்கி விடுவது வரை அவள் பொறுப்பு. படிக்கட்டில் ஏறும்போதுகூட விருந்தாளிகளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஏறிக்கொண்டு கதை சொல்லுவாள். அதற்காகவே அவளைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. இன்றைக்கு அவளுக்கு ஓய்வுநாள்தான். வரவேண்டிய வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஒரே ஒரு நாள், அம்மாவும் பிள்ளையும்தான், சாதுவான ஆளுங்க" என்று ஆபீசில் கெஞ்சியதால் வந்தாள்.

சாதுவாம்!

அம்மா கீழே காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். "நான் டிரைவர் தம்பியோட பேசிட்டு இருக்கேன். இவன் பார்த்துட்டு வந்து சொல்லுவான்" என்று சொல்லிவிட்டாள். காலையிலிருந்து இதே கதை. பழைய அரண்மனைக்கும் அப்படித்தான், அருங்காட்சியகத்துக்கும் அப்படித்தான். பிள்ளையோ கையில் ஒரு மடிப்பு முக்காலியைத் தூக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அவள் பின்னாலேயே ஏறினான். அவளும் ஏறிக்கொண்டே, இந்தப் படிக்கட்டைக் கட்டிய வணிகனின் கதையை உயிரைக் கொடுத்துச் சொன்னாள். பாதி வழியில் சந்தேகம் வந்து நின்றாள்.

"நான் பேசறது காதுல விழுதா சார்?"

"விழுது. நூத்தி நாப்பத்திரண்டு."

அப்படிப்பட்ட ஆள்!

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"லிஃப்ட் மெக்கானிக்."

"அதான் பார்த்தேன். படியைக் கண்டாலே ஆகலை."

அவன் சிரித்தான். முதன்முதலாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அடடா... அந்தக் கண்கள்! மழை வருவதற்கு முன்னால் வானம் ஒரு நிமிஷம் வெளிச்சமாகுமே, அந்த மாதிரி. சண்டை போட்ட ஆளுக்கு இப்படி ஒரு கண்ணா? அவள் அவசரமாகப் பார்வையை அவன் கையிலிருந்த முக்காலிக்கு மாற்றிக்கொண்டாள்.

விருந்தாளி விருந்தாளிதான். இது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். ஐந்து மணிக்கு மேல் முகம்கூட நினைவில் நிற்கக் கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் இதே படிக்கட்டில் ஒரே குடைக்குள் நின்று, "அடுத்த மாசமே திரும்பி வரேன்" என்றான். அவளும் அசடு மாதிரி பதினோரு மாதம் விடுதி வாசலில் நிற்கும்போதெல்லாம் இறங்குகிற முகங்களைத் தேடினாள். வரவில்லை. அதோடு சரி.

தூறல் ஆரம்பித்தது.

"இறங்கலாம் சார்" என்றாள்.

இறங்கும்போது அவள் ஒரு கதையும் சொல்லவில்லை. வாய்க்குள்ளேயே எண்ணினாள். அவனுக்குத் தெரியக் கூடாது என்று வேடிக்கை பார்க்கிற மாதிரி வேறு முகத்தை வைத்துக்கொண்டாள். கடைசிப் படியில் கால் வைத்ததும் வெற்றியோடு திரும்பினாள்.

"இருநூத்தி எண்பத்தாறு! உங்களதும் தப்பு!"

"நடுவுல எனக்கு 'வழுக்கும், பார்த்து'ன்னு சொன்னீங்களே... அங்க ஒண்ணு விட்டுட்டீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு காரை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

காரில் அவன் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மேல என்னடா தெரிஞ்சுது?"

"ஆறு. பாலம். அப்புறம்... கூரைங்க."

"இதைச் சொல்லவா மேல ஏறினே? ஏம்மா, நீயாவது சொல்லு. ஆறு வளையற இடத்துல ஒரு தீவு மாதிரி திட்டு இருக்குமே, மூணு மரத்தோட. அது இருக்கா?"

"இருக்கும்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சமையலறையில காலண்டர் ஒண்ணு இருக்கு. வருஷம் முடிஞ்சு பதினெட்டு வருஷமாச்சு, நான் கழட்டலை. அந்தப் படம் இந்தப் படி மேலருந்து எடுத்ததுதான்." பிறகு பிள்ளையைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள். "எத்தனைடா?"

"இருநூத்தி எண்பத்தேழும்மா. கைப்பிடி பாதி வரைக்கும்தான்."

"அப்ப முடியாது. சரி, விடு." முழங்காலைத் தடவிக்கொண்டு கதவைச் சாத்தினாள். "அரண்மனை எவ்வளவு சொன்னே?"

"நூத்திப் பன்னண்டு."

"அதுவும் முடியாது. அருங்காட்சியகம்?"

"அறுபது. ஆனா நடுவுல முக்காலி போட இடமே இல்லை."

வழிகாட்டி தூறலில் நனைந்தபடி அப்படியே நின்றாள். மண்டையில் யாரோ நறுக்கென்று குட்டின மாதிரி இருந்தது. படி எண்ணுகிற பைத்தியம் என்று நினைத்தாளே... அம்மாவால் ஏற முடியுமா என்று பார்க்கத்தான் அவன் ஒவ்வொரு இடத்திலும் முதலில் தனியாக ஏறியிருக்கிறான். நடுவில் போட்டு உட்கார வைக்கத்தான் அந்த முக்காலி.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள், குரல் இறங்கி.

"நீங்க முந்நூறுன்னு சொன்னீங்க. பதிமூணு குறைஞ்சா ஒருவேளை முடியுமான்னு பார்த்தேன். முடியாது." தோளைக் குலுக்கினான். "நான் ஊரு பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்றேன். எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா வீட்டை விட்டு இறங்கியே அஞ்சு மாசம் ஆச்சு. இந்த ஒரு இடத்தைப் பார்க்கணும்னுதான் இறங்கினாங்க."

ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். அப்புறம் கைப்பேசியை எடுத்தாள்.

"அக்கா, நான்தான். உங்க சலவைக் கடையில துணி காயப்போடற மாடி திறந்திருக்கா?... மூணு பேரு... ஒரு அம்மா, முழங்கால் வலி... எத்தனை படி, அக்கா?... எண்ணிச் சொல்லுங்களேன், கோவிச்சுக்காம... ஆமாம், இப்பவே."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் அக்கா திட்டிக்கொண்டே எண்ணுவது கேட்டது.

"இருபத்திரண்டு" என்றாள், அவனைப் பார்த்து. "ரெண்டு பக்கமும் கைப்பிடி."

அவன் முக்காலியைத் திறந்து பார்த்தான், மூடினான். மறுபடியும் திறந்தான்.

மேட்டின் பின்பக்கமாக ஒரு சுற்றுப் பாதை. டிரைவர், "இது நம்ம பட்டியல்லயே இல்லையே மேடம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். சலவைக் கடையின் முற்றம் வரை கார் போனது. அம்மா பதினோரு படி ஏறினாள். முக்காலியில் உட்கார்ந்து, "கிழவி கண்டிப்பா பார்த்துட்டுத்தான் சாவா" என்று ஜோக் அடித்தாள். பிள்ளை, "பேசாம மூச்சு விடும்மா" என்று அதட்டினான். மீதிப் பதினொன்றையும் ஏறினாள்.

மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் திறந்தவெளி. வரிசையாக வெள்ளை விரிப்புகள் தொங்கின. தகரத்தில் மழை சடசடவென்று கொட்டியது. கடைசி விரிப்பை வழிகாட்டி ஒதுக்கிப் பிடித்தாள்.

ஆறு. வளைவு. திட்டு. மூன்று மரம்.

அம்மா விரலை நீட்டி மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

"காலண்டர்ல தண்ணி நீலமா இருக்கும். இது பழுப்பா இருக்கு..."

"மழைம்மா, அதனால..."

"இதுதான் நல்லாருக்கு."

முக்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். இனி அங்கிருந்து அவளை யாரும் கிளப்ப முடியாது.

வழிகாட்டி வழக்கம்போல் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, விருந்தாளிகளைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அம்மா ஆற்றைப் பார்த்தாள். பிள்ளை... ஆற்றைப் பார்க்கவில்லை.

"ஆறு அந்தப் பக்கம் சார்."

"தெரியும்" என்றான். பார்வை நகரவில்லை. "நீங்க எப்பவும் இப்படித்தான் நிப்பீங்களா? முதுகைக் காட்டிட்டு?"

"என் வேலை அப்படி. நான் பார்க்காத ஆறா?"

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

எட்டு வருஷமாக அவள் பார்த்ததெல்லாம், ஆற்றைப் பார்க்கிற முகங்களைத்தான். மெல்லத் திரும்பி, அவன் பக்கத்தில் வந்து நின்றாள். ஈர விரிப்பு ஒன்று காற்றில் எழும்பி இரண்டு பேர் தோளிலும் பட்டு இறங்கியது. சோப்பு வாசனை. பக்கத்தில் அவன் மூச்சு... இன்னும் படி ஏறிக்கொண்டிருக்கிற மாதிரி வேகமாக.

"உங்க வீட்டுக்கு எத்தனை படி?" என்றான் திடீரென்று.

"என்னது?"

"உங்க வீட்டுக்கு. எத்தனை படி?"

"எதுக்கு?"

"ஒருநாள் அம்மாவைக் கூட்டிட்டு வரணும். உங்க வீட்டுல பேசணும்." மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். காது மட்டும் சிவந்து போயிருந்தது. "நானா வந்து நின்னா நல்லாருக்காது. அம்மா வந்து கேட்டாத்தான் முறை. அதான்... படி."

அவள் நெஞ்சு தடதடத்தது. தகரக் கூரையின் சத்தம்தானா என்று ஒரு கணம் சந்தேகம். ஆனால் வாய் இருக்கிறதே, அது எட்டு வருஷப் பழக்கத்தில் தானாகப் பேசியது.

"சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கு ஊரும் பிடிக்கும், கைடும் பிடிக்கும் சார். ரயில் ஏறினதும் ரெண்டும் மறந்துடும். நான் பார்க்காததா?"

"நான் எங்கங்க ஊரைச் சுத்திப் பார்த்தேன்? படியைத்தானே எண்ணினேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று தெரியும்.

"எங்க வீட்டுப் படியை நான் எண்ணினதில்லை" என்றாள் வெடுக்கென்று. விரிப்பைத் தள்ளிக்கொண்டு இறங்கப் போனாள்.

"எண்ணிட்டுச் சொல்லுங்க" என்றான் பின்னாலிருந்து. "அவசரம் ஒண்ணுமில்லை."

ரயில் நிலையத்தில் ஐந்து மணி. அம்மா அவள் கன்னத்தைத் தட்டி, "காலண்டரை இனிமே கழட்டிடலாம் கண்ணு" என்றாள். கூடவே பிள்ளையையும் அவளையும் மாறி மாறி ஒரு பார்வை பார்த்தாள். அவன் திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை, போன் பண்ணுகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு கையில் அம்மா, ஒரு கையில் முக்காலி, கூட்டத்தில் போய்விட்டான்.

'சொல்லியிருக்கலாம்... எல்லாரும் சொல்றதைத்தானே, இவனும் சொல்லித் தொலைச்சிருக்கலாம். நானும் நம்பாம இருந்திருப்பேன். நிம்மதியா இருந்திருக்கும்.'

"என்ன மேடம், இன்னைக்குக் கைடு ஊமையாயிட்டாங்க?" என்றார் டிரைவர் திரும்பி வருகையில்.

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாருங்கண்ணே."

அவள் தெரு முனையில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. குடியிருப்பின் வாசலில் செருப்பை உதறிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிற படி. ஒன்று... இரண்டு... தன் வாயே எண்ணுகிறது என்று நாலாவது படியில்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. நிறுத்தவில்லை. முப்பத்தெட்டில் மாடி விளக்கு எரிந்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னடி, வாய்க்குள்ள என்ன முணுமுணுக்கறே?"

"ஐயோ அப்பா! பேசாதீங்க, விட்டுப் போச்சு!"

"எது விட்டுப் போச்சு?"

அவள் மடமடவென்று கீழே இறங்கினாள். முழுக்க, வாசல் வரைக்கும். முதல் படியிலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டு ஏறினாள். அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி, பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மூச்சு வாங்க அவரைத் தாண்டி உள்ளே போய், பையிலிருந்து இன்றைய பதிவுச் சீட்டை எடுத்தாள். நனைந்திருந்தாலும் எண் தெரிந்தது.

ஐந்து மணிக்கு மேல் ஆகி ஒரு மணி நேரம். சட்டம் போட்டவளே எண்ணை அழுத்தினாள்.

மூன்று முறை அடித்ததும் எடுத்தான். ரயில் ஓடுகிற சத்தம். பின்னால் அம்மாவின் இருமல்.

"ஹலோ? யாரு?"

அவள் யார் என்று சொல்லவில்லை.

"நாப்பத்தாறு. பதினஞ்சாவது படியில ஒண்ணு, முப்பதாவது படியில ஒண்ணு, நாற்காலி போட்டு வைக்கிறேன்... அம்மாவை எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"