நிழலுக்கு இடமில்லை

மகளின் கை மட்டும் சரியாக இல்லை.

சீனாவின் சோங்சிங் நகரத்து அடுக்குமாடிகளைப் படமெடுத்து வருவது கணவன் போச்சுன். அவற்றை வெட்டி ஒட்டி, பழைய மலை-நீர் ஓவியம் போல நீண்ட சுருளாக்குவது ரூயின். கட்டடங்கள் மலையாகும், மேம்பாலச் சாலை ஆறாகும், மூடுபனிக்காக வெறும் வெள்ளை விடப்படும். நடுவே எறும்பளவில் ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும், அது மரபு. இந்தச் சுருளில் அந்த எறும்பு, அவர்களின் ஐந்து வயது மகள் சியாவ்மான். வெயில் எட்டிப்பார்த்த அபூர்வமான ஒரு நாளில், பாலத்தில் தனியாக நிற்க வைத்து எடுத்தது.

தனியாக நிற்கிற பிள்ளை எதற்கு வலக்கையை மேலே தூக்கி, விரல்களை மடக்கிக்கொண்டு நிற்கிறது? யாரோ பிடித்திருப்பது போல அல்லவா இருக்கிறது?

எவளோ கூட இருந்திருக்கிறாள் என்று ரூயினுக்குப் பட்டது. சமையலறையில் மிளகாய் எண்ணெய் மணக்க நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

“அன்னிக்குப் பாலத்துக்கு யார் கூடப் போன?”

“பாப்பா கூட. வேற யாரு?”

“அவ கையைப் புடிச்சிட்டு இருந்தவ யாரு? அவளை மட்டும் படத்துலேர்ந்து அழிச்சிட்டியாக்கும்?”

“ஆரம்பிச்சிட்டியா, தாயே! அழிக்கிறது உன் வேலை. நான் எடுக்கிறதோட சரி.”

கிண்ணத்தை வைத்தான், செருப்பை மாட்டினான், சிகரெட் வாங்கக் கீழே போய்விட்டான். ஓடுகிறான் பார், திருட்டுப் பயல்!

இருக்கட்டும், சிக்காமலா போவான் என்று கறுவிக்கொண்டே மூலப் படத்தைக் கணினியில் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி எதிர்க் கட்டடத்தை விழுங்கியிருந்தது. சுவரில் ஈரம் நாறியது. பக்கத்து அறையில் சியாவ்மான் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

படத்தில் வேறு ஆளே இல்லை. மகள் மட்டும்தான்.

ஆனால் தரையில் இரண்டு நிழல்கள்.

ஒன்று குட்டி. இன்னொன்று நெடியது, குனிந்து குட்டியின் கையைப் பிடித்திருந்தது. மலை-நீர் ஓவியத்தில் நிழலே கிடையாது. எந்தப் படம் வந்தாலும் ரூயின் முதலில் செய்வது நிழலைத் துடைப்பதுதான். பழகிய கை, பார்க்காமலே இரண்டையும் துடைத்திருக்கிறது.

அந்தப் பெண் படத்தின் விளிம்புக்கு வெளியே நின்றிருப்பாளோ? பெரிதாக்கிப் பார்த்தாள். இல்லை. நிழல் தொடங்குகிற இடம் மகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே கால்கள் இல்லை. வெறும் சிமெண்ட்.

ஐயோ, பாவி மனுஷனை என்னவெல்லாம் சொல்லிவிட்டேன்!

பக்கத்து அறையில் முணுமுணுப்பு நின்றது.

“இவ்ளோ இறுக்கிப் புடிக்காத. வலிக்குது.”

மகளின் குரல்.

எழுந்தாள். ஓடினாள். கதவு.

விளக்கடியில் சியாவ்மான். வலக்கை மேலே. விரல்கள் மடங்கியிருந்தன.

“பாப்பா! இங்க வா!”

திரும்பவில்லை. இமைக்கவில்லை.

சுவரில் நெடிய நிழல் நடக்கத் தொடங்கியது. குட்டி நிழல் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது. சுவரின் மூலை. அங்கிருந்த இருட்டு. பிறகு சுவர் மட்டும்.

சியாவ்மான் கையைத் தூக்கியபடியே நின்றாள். அவள் காலடியில் ஒன்றுமே இல்லை.